ஓய்தலும் ஆய்தலும்

அரசுப் பணியில் இருப்போரின் குடும்பங்களில் பணி ஓய்வுக்கு முந்தைய ஓராண்டு ஒரு தனிப் பருவம். நாட்காட்டியில் அதற்குப் பெயர் கிடையாது. ஆனால் அதன் அடையாளங்களை அனைவரும் அறிவர். அலுவலகத்தில் பணிப்பதிவேடு தூசி தட்டிச் சரிபார்க்கப்படும். ஓய்வூதியத் தாள்களில் ஒட்டுவதற்காகக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வர்; பல வீடுகளில் திருமணத்துக்குப் பிறகு இருவர் மட்டும் சேர்ந்து நின்ற இரண்டாவது படம் அதுவாகவே இருக்கும். உறவினர் வீட்டு விசேஷங்களில் ‘எப்ப ரிடையர்மெண்ட்?’ என்று முதல் கேள்வி வரும். அதற்கு விடை சொல்லி முடிப்பதற்குள் ‘பிள்ளைக்கு எப்ப?’ என்று அடுத்த கேள்வி வந்து நிற்கும். இந்த இரண்டு கேள்விகளும் ஏன் எப்போதும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே வருகின்றன என்று சில மாதங்களாக யோசித்து வருகிறோம்.

எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பருவம் நடக்கிறது. ‘எங்கள்’ என்பது இங்கே கட்டுரையாளர்கள் வழக்கமாகக் கையாளும் மரியாதைப் பன்மை அன்று. எழுதுவது ஒருவர் கைதான். ஆனால் யோசித்ததும் அஞ்சியதும் முடிவெடுத்ததும் இருவர். எங்களில் மூத்தவர் 1988இல் திருச்சியில் ஆர்.எம்.எஸ். எனப்படும் ரயில்வே அஞ்சல் பிரிவில் கடிதம் பிரிப்பவராகச் சேர்ந்தவர். வரும் ஜூன் 30 அன்று 38 ஆண்டுப் பணியை முடிக்கிறார். இளையவர் தமிழில் முதுகலை பயின்று, ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் 21 ஆண்டுகளாகப் பாடம் நடத்துபவர். இருவருக்கும் இடையே 11 ஆண்டு இடைவெளி. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறோம். எங்களுக்கு ஒரே மகள். சென்ற மாதம் நடந்த பட்டமளிப்பு விழாவில் தாவரவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றாள்.

ஆர்.எம்.எஸ். பணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய இளைஞர்கள் பலர் அந்த மூன்றெழுத்தையே கேள்விப்பட்டதில்லை. எங்களில் மூத்தவர் பணியில் சேர்ந்த காலத்தில் இரவு ரயில்களில் அஞ்சலுக்கென்று தனிப் பெட்டி இருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆடும் விளக்கொளியில் நின்றபடி கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துச் சிறு சிறு அறைகள் கொண்ட பலகையில் இட வேண்டும். அடுத்த பெரிய நிலையம் வருவதற்குள் அந்த ஊருக்குரிய கட்டுகள் பைக்குள் சென்று, பையின் வாய் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஓடும் வண்டியில் பிரிக்கும் முறை பின்னர் படிப்படியாகக் கைவிடப்பட்டது. பணி நிலையத்தை ஒட்டிய கட்டடத்துக்கு வந்தது. ஆனால் இரவு மட்டும் மாறவில்லை. ஊர் உறங்கும்போது கடிதங்கள் விழித்திருக்க வேண்டும் என்பதே அந்தத் துறையின் அடிப்படை.

ஆகவே எங்கள் மகள் பகலில் உறங்கும் தந்தையைப் பார்த்தே வளர்ந்தாள். தோழிகள் வீட்டுக்கு வந்தால், ‘மெதுவாப் பேசுங்க, அப்பா தூங்குறாங்க’ என்பதே அவளுடைய வரவேற்புரை. சத்தமின்றிப் படிக்கும் பழக்கம் அவளுக்கு வந்தது எங்கள் கண்டிப்பால் அன்று. வீட்டின் நேர அட்டவணையால்.

அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கங்களில் முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். இரண்டாவது அதன் உட்பிரிவை. மூன்றாவது, கடிதம் பிரிக்கப்படும் மாவட்டத்தை. கடைசி மூன்றும் சேர்ந்து பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தை. 38 ஆண்டுகள் இந்த எண்களோடு வாழ்ந்தவருக்கு நாடே எண்களாகத்தான் தெரியும். உறவினர் பிள்ளை ஒருவன் மும்பைக்கு மாற்றலாகிப் போனால், ‘அவன் 400க்குப் போயிட்டான்’ என்பார். எங்கள் திருச்சி 620. மகளுக்கு இடம் கிடைத்திருக்கும் ஊரின் பெயரைச் சொன்னதும் அவர் வாயிலிருந்து வந்தது ஊரைப் பற்றிய விசாரணை அன்று. ‘793’ என்ற எண்.

793 என்பது ஷில்லாங். முதுநிலைப் படிப்பின் முடிவில் மகள் எழுதிய தேசியத் தகுதித் தேர்வில் அவளுக்கு இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அங்குள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடமும் கிடைத்தது. ஆய்வுப் பொருள் மேகாலய மலைக்காடுகளின் பாசிவகைத் தாவரங்கள். ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் மழையைத் தொடாத எங்கள் ஊரிலிருந்து, 11,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மௌசின்ராம், சிரபுஞ்சிப் பக்கம் அவள் போகிறாள். இங்கிருந்து சென்னை, அங்கிருந்து குவாஹாத்தி. பிறகு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மலைச்சாலை.

பட்டமளிப்பு விழாவைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் குளிருக்காகத் தைத்துக்கொண்ட அங்கியைத் திருச்சி வெயிலில் வாடகைக்கு வாங்கி அணிந்துகொண்டு, வியர்வையோடு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பெற்றோருக்குப் பின்வரிசைகள். முந்தைய இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்த தந்தை, உறங்கிவிடக்கூடாது என்று அடிக்கடி எழுந்து நின்றுகொண்டிருந்தார். மகளின் பெயர் வாசிக்கப்பட்டது. அவள் மேடையேறி இறங்குவதற்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். வீடு திரும்பும் வழியில் பேருந்தில் அவர் சொன்ன ஒரே விமர்சனம்: ‘பேரை இனிஷியலோட சரியாப் படிச்சாங்க.’ மற்றவர்களின் பெயரும் முகவரியும் பிழையின்றிச் சேர வேண்டும் என்பதற்காகவே உழைத்தவரிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டை எதிர்பார்க்க முடியாது.

பட்டமளிப்புக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறன்று மூத்தவரின் அக்கா வந்தார். அவருக்கு 66 வயது. எங்கள் குடும்பத்தில் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. மகளை அருகில் உட்காரவைத்துத் தலையைத் தடவி, பட்டச் சான்றிதழை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எழுத்துகள் புரியாவிட்டாலும் முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தம்பியிடம் திரும்பினார்.

‘தம்பி, படிப்பு முடிஞ்சுது. சந்தோஷம். சர்வீஸ்ல இருக்கும்போதே கல்யாணத்தையும் முடிச்சுடு. ஜூன் தாண்டிட்டா பத்திரிகையில உன் பேருக்குக் கீழே என்னன்னு போடுவே?’

இந்தக் கேள்வியை நகைத்து ஒதுக்கிவிட இயலாது. இதற்குள் ஒரு முழுச் சமூகக் கணக்கு இருக்கிறது. திருமண அழைப்பிதழில் பெண்ணின் தந்தை பெயருக்குக் கீழே வரும் பதவி ஓர் அணிகலன் அன்று; அது ஒரு பிணைக் கையெழுத்து. மாதம் பிறந்தால் ஊதியம் வரும் மனிதர் இவர் என்று அது உறுதி கூறுகிறது. அடைப்புக்குறிக்குள் ‘ஓய்வு’ என்று சேர்ந்துவிட்டால் அந்தப் பிணை பாதியாகிவிடுகிறது. ஊதியம் பாதியாவதைப் போலவே. மொய்க் கணக்கும் உண்டு. 38 ஆண்டுகளாக உடன் பணியாற்றுவோர் வீட்டுத் திருமணம், காதுகுத்து, புதுமனை புகுதல் என்று எழுதிய தொகையெல்லாம் திரும்பி வர வேண்டுமானால், எழுதியவர்கள் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். ஓய்வு பெற்றவரின் அழைப்பிதழ் அலுவலக அறிவிப்புப் பலகையில் தொங்கும். பணியில் இருப்பவரின் அழைப்பிதழ் கையில் கொடுக்கப்படும். அக்காவின் பேச்சில் இருந்தது பேராசை அன்று, உலக அனுபவம்.

அன்று இரவு, விடுப்பு நாள் என்பதால், நாங்கள் இருவரும் விழித்திருந்து கணக்குப் போட்டோம். மத்திய அரசு ஊழியர்களில் 2004 ஜனவரி 1க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம். கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதி, மாத ஓய்வூதியம். அதன் மேல் அகவிலைப்படி. அந்த ஓய்வூதியத்தில் 40 விழுக்காடு வரை முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றுக்கொள்ளலாம். அப்படிப் பெற்றால் குறைந்த பகுதி 15 ஆண்டுகளுக்குப் பிறகே மீண்டும் சேரும். பணிக்கொடை உண்டு, அதன் உச்சவரம்பு 2024 ஜனவரி முதல் 25 லட்சம், நமக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. எடுக்காத ஈட்டிய விடுப்பில் அதிகபட்சம் 300 நாளுக்கான ஊதியம் உண்டு. இவ்வளவும் கூடி வாழ்க்கையில் முதல்முறையாகவும் கடைசிமுறையாகவும் ஒரு பெருந்தொகை கைக்கு வரும். அதன் பிறகு எங்களில் இளையவரின் ஊதியம் மட்டுமே ஊதியம். சுயநிதிப் பிரிவில் ஓய்வூதியம் கிடையாது. அங்கே ஓய்வு என்பது ஒரு நாள் ஊதியம் நின்றுபோவது, அவ்வளவே.

மகளுக்குக் கிடைக்கும் உதவித்தொகை 2023 ஜனவரியில் உயர்த்தப்பட்ட விகிதப்படி முதல் இரண்டாண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000. தந்தைக்கு வரவிருக்கும் அடிப்படை ஓய்வூதியத்துக்கும் அந்த முதல் தொகைக்கும் சில நூறு ரூபாய்தான் வேறுபாடு. 38 ஆண்டுகள் உழைத்து ஓய்பவரும் 24 வயதில் தொடங்குகிறவளும் ஏறத்தாழ ஒரே தொகையில் வந்து நிற்கிறார்கள் என்பதைக் கண்டு இருவரும் சற்று நேரம் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது. அவள் ஆய்வை முடிக்க ஐந்தாண்டுகளாவது ஆகும். அப்போது தந்தைக்கு 65, அவளுக்கு 29. அந்த 29 என்ற எண்ணை எங்கள் உறவினர் எந்தக் குரலில் உச்சரிப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இடையில் தந்தையின் உடல்நலம் எப்படி இருக்கும்? இந்தக் கேள்விகளுக்கு விடை தரும் அட்டவணை எந்த அலுவலகத்திலும் இல்லை.

எங்கள் 11 ஆண்டு இடைவெளிக்குக் காரணம் உண்டு என்றோமே, அதை இங்கே சொல்லிவிடலாம். மூத்தவருக்கு ஓர் அக்கா. அவருக்குக் கீழே மூன்று தங்கைகள். பன்னிரண்டாம் வகுப்பில் அவர் எடுத்த நல்ல மதிப்பெண்களே அஞ்சல் துறையில் வேலை வாங்கித் தந்தன. கல்லூரிக்குப் போகும் பேச்சு அத்தோடு முடிந்தது. வருங்கால வைப்பு நிதியிலிருந்து மூன்று முறை முன்பணம் எடுத்து மூன்று தங்கைகளையும் மணமுடித்துக் கொடுத்த பின்னர்தான், 2001இல், தம் 35ஆம் வயதில் அவர் மணம் செய்துகொண்டார். இதை அவர் ஒரு தியாகமாகச் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஓடும் வண்டியில் பைகளைக் கட்டி இறக்கியதைப் போலவே இதையும் முறைப்படி செய்தார். ஆகவே, ‘கடமைகளை முடித்தல்’ என்னும் சொற்றொடர் எங்கள் வீட்டில் வெறும் சொல் அன்று. மகளின் திருமணம் அந்தக் கடைசிப் பை என்றே அவரும் நெடுங்காலம் எண்ணியிருந்தார்.

அந்த எண்ணத்தை அசைத்தவர் அக்காவே என்பதுதான் விந்தை. மறுமுறை வந்தபோது அவர் திருமணப் பேச்சை எடுக்கவில்லை. மகள் தன் உருப்பெருக்கியில் சுற்றுச்சுவரில் படர்ந்திருந்த பாசியை அத்தைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். வேர் இல்லாத செடி அது, மெல்லிய இழைகளால் கல்லைப் பற்றிக்கொண்டு நிற்கிறது, காய்ந்து சருகானது போலக் கிடந்தாலும் ஒரு மழை பெய்தால் மீண்டும் பசுமையாகிவிடும் என்று விளக்கினாள். நீண்ட நேரம் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: ‘என்னை எட்டாவதோட நிறுத்தினாங்க. ஏன் நிறுத்தினாங்கன்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல.’ புகாராக அன்று, செய்தியாகச் சொன்னார். பிறகு சேலைத் தலைப்பால் உருப்பெருக்கியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து எங்கள் கணக்குத் தாளில் ஒரு வரி மாறியது. படிப்பு, திருமணம், ஓய்வு ஆகிய மூன்றையும் ஒரே பேரேட்டில் எழுதி, ஒரே தேதியில் கணக்கை முடிக்க முயல்வதுதான் எங்களை அலைக்கழித்தது என்று தோன்றியது. ஒருவரின் பணி முடியும் தேதியை அரசு விதி முடிவு செய்கிறது. அந்தத் தேதிக்கு ஏற்ப இன்னொருவரின் வாழ்க்கை தொடங்க வேண்டும் என்பது எந்த விதியிலும் இல்லை. அக்காவின் படிப்பும் அவ்வாறுதான் நின்றது: வேறு யாருடைய தேதிக்காகவோ.

நாங்கள் குடியிருப்பது உறையூர். சங்க காலத்தில் சோழர் தலைநகராக விளங்கிய அதே உறையூர்தான். இன்று திருச்சியின் ஒரு பகுதி. இவ்வூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனையும், பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரையும் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தி வருகிறோம். ஆண்டு பலவாகியும் நரை தோன்றாதது எப்படி என்று கேட்டோருக்குப் பிசிராந்தையார் விடை சொல்லும் புறநானூற்றுப் பாடலை (191) அறியாத தமிழ் மாணவர் இல்லை. அவர் அடுக்கும் காரணங்களுள் மக்கள் நிறைவுற்றோராய் இருப்பதும் ஒன்று. நல்ல பிள்ளைகள் அமைந்தால் முதுமை அண்டாது என்று இப்பாடலைத் திருமண வாழ்த்துரைகளிலும் ஓய்வு பெறும் விழாக்களிலும் மேற்கோள் காட்டுவது வழக்கம். ஜூன் 30 அன்று எங்கள் மேடையிலும் யாரேனும் ஒருவர் காட்டக்கூடும்.

ஆனால் அப்பாடலை அதன் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பிசிராந்தையாரின் உயிர்நண்பனான கோப்பெருஞ்சோழன் தன் புதல்வர்களோடு போருக்கு எழுந்தவன். புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் இடைப்பட்டு, வென்றால் இந்த நாட்டை யாருக்கு விட்டுச் செல்வாய் என்பது போன்ற கேள்விகளால் அவன் சினத்தைத் தணித்தார். போரைக் கைவிட்ட அரசன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். நேரில் கண்டறியாத நண்பருக்காகப் பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொன்னான். பிசிராந்தையாரும் வந்து சேர்ந்தார். நிறைவுற்ற மக்களைப் பெற்றவரும் மக்களால் நாட்டை வெறுத்தவனும் கடைசியில் ஒரே இடத்தில் அருகருகே அமர்ந்தார்கள். நல்ல பிள்ளைகள் நல்வாழ்வுக்குக் கிடைக்கும் கூலியும் அல்லர். முதுமைக்கு எழுதிவைத்த காப்பீடும் அல்லர் என்பதைத்தான் இந்த இருவரின் கதை சொல்கிறது என்று எங்களுக்குப் படுகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. அரசனோடு வடக்கிருக்க விரும்பிய பொத்தியாரை, ‘உனக்குப் புதல்வன் பிறந்த பின் வா’ என்று அவன் திருப்பி அனுப்பினான். தன் பிள்ளைகளால் காயம்பட்ட ஒருவன், சாகும் தருவாயிலும், நண்பனின் வீட்டில் பிறக்கவிருக்கும் குழந்தைக்காக நின்று யோசிக்கிறான். பிள்ளைகளால் தனக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கை வைத்துக்கொண்டிருப்பவனால் இதைச் சொல்லியிருக்க முடியாது. பல ஆண்டுகள் பாடம் நடத்தியபோது கதையின் துணுக்காகக் கடந்து சென்ற இந்த இடம், இவ்வாண்டு வகுப்பில் சற்று நேரம் நிறுத்திவைத்தது.

மகளின் படிப்போடு எங்கள் படிப்பு உரசிய சிறு நிகழ்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். பாசி என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவு வருவது குறுந்தொகையில் பரணர் பாடிய உவமைதான் (399): ஊரார் நீருண்ணும் துறைப் பாசியைப் போல, தொட்டால் விலகி விட்டால் படரும் பசலை. அதை அவளிடம் பெருமிதத்தோடு சொன்னோம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அம்மா, அது குளத்துல மிதக்குற பாசி. நான் படிக்கிறது பாறையிலயும் மரத்துலயும் ஒட்டி வளர்றது. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே பேரு, அவ்வளவுதான்’ என்றாள். பெற்றோருக்குத் தெரிந்ததை வாங்கி வைத்துக்கொள்ளும் வயதைக் கடந்து, பெற்றோருக்குத் தெரியாததை நோக்கி அவள் போய்விட்டாள் என்பது பட்டமளிப்பு மேடையில் தெரியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்தது. கல்வியின் உண்மையான மைல்கல் அதுதான் போலும்.

இந்த நாட்களில் மீண்டும் புரட்டிய நூல் தொல்காப்பியம். சொல்லதிகாரத்தின் உரியியலில், முன்பிருந்த ஒன்று நுணுகிச் செல்வதைக் குறிக்கும் நான்கு சொற்களைத் தொல்காப்பியர் ஒரே நூற்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். அவற்றுள் அடுத்தடுத்து நிற்பவை ஓய்தலும் ஆய்தலும். பரப்பு குறைந்து நுண்மை கூடுவது என்று விளக்கலாம். வழக்கில் இவ்விரு சொற்களும் பின்னர் வெவ்வேறு திசையில் போயின. ஓய்வு களைப்பின் சொல்லாயிற்று. ஆய்வு அறிவின் சொல்லாயிற்று. ஒன்றைப் பெரியவர்களுக்கும் மற்றொன்றை இளையவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம். இலக்கண ஆசிரியர் கண்ணில் இரண்டும் ஒரே வினையின் இரு பெயர்கள்.

எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே ஆண்டில் வருகின்றன. தந்தை ஓயப் போகிறார். மகள் ஆயப் போகிறாள். ஓய்வு என்பது இல்லாமற்போவது அன்று, இருப்பது நுணுகுவது என்றால், அதைக் கண்டு அஞ்சுவதற்கு நாங்கள் எண்ணியிருந்த அளவு காரணம் இல்லை. 2025இல் பதிவு அஞ்சல் என்ற தனிச் சேவை விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டபோது, அவர் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பல ஆண்டுகள் எண் குறித்து, சரிபார்த்து, கையெழுத்திட்டு வாங்கிக் கொடுத்த சேவை, அவருக்கு முன்பாகவே ஓய்வு பெற்றுவிட்டது. மூன்றாம் நாள் அவரே சொன்னார்: ‘பேருதான் போச்சு. கடிதம் போய்ச் சேர்றது நிக்கலியே.’ தொல்காப்பியரைப் படிக்காமலேயே அவர் அந்த நூற்பாவுக்கு உரை எழுதிவிட்டார் என்று எங்களில் மற்றவருக்குத் தோன்றியது.

ஆக, முடிவெடுத்தோம். ஜூன் 30க்கு முன் திருமணம் இல்லை. வரும் தொகையில் வீட்டுக் கடனின் மிச்சத்தை அடைத்துவிட்டு, மற்றதை அவர் அறிந்த துறையிலேயே, அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இடுவது. அதில் 2023 ஏப்ரல் முதல் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். காலாண்டுக்கு ஒருமுறை வரும் வட்டி வீட்டை நடத்த உதவும். மகள் திருமணமே வேண்டாம் என்று சொல்லவில்லை, நேரம் கேட்டாள். கொடுத்தோம். அழைப்பிதழில் பெயருக்குக் கீழே ‘ஓய்வு’ என்று வருமானால் வரட்டும். உண்மையைத்தானே அச்சிடப் போகிறோம்.

இந்த முடிவு சரிதானா என்ற ஐயம் இரவுகளில் எழாமல் இல்லை. குறிப்பாக, 38 ஆண்டுகள் இரவில் விழித்தே பழகியவர் ஜூலை முதல் நாளிலிருந்து இரவில் என்ன செய்வார் என்பது எங்கள் இருவருக்கும் பெரும் கவலை. வீடு உறங்கும்போது அவர் மட்டும் முற்றத்தில் உட்கார்ந்திருப்பதை எண்ணிப் பார்க்கவே கடினமாக இருக்கிறது. மகள் ஊரில் இல்லாத வீட்டில் பகலில் மெதுவாகப் பேச வேண்டிய தேவையும் இருக்காது. இவற்றையெல்லாம் பழகிக்கொள்ள வேண்டும். பணி தொடங்குகையில் பயிற்சி கொடுக்கும் அரசு, பணி முடிகையில் எதற்கும் பயிற்சி கொடுப்பதில்லை.

மகளின் பெட்டிக்கான பட்டியல் தயாராகிவிட்டது. அத்தை கம்பளிச் சட்டைக்கென்று பணம் கொடுத்தனுப்பியிருக்கிறார். மழைக்கோட்டு மட்டும் அங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது என்று முடிவாகியிருக்கிறது. அவளிடம் தந்தை வைத்த வேண்டுகோள் ஒன்றே ஒன்று: மாதம் ஒரு கடிதம். ‘வாட்ஸப்ல தினம் பேசப் போறோமே அப்பா’ என்றாள். ‘பேசு. கடிதமும் போடு. உள்ளே ஒண்ணும் எழுதாட்டியும் பரவாயில்ல, மேலே முகவரியை மட்டும் முழுசா எழுது’ என்றார். எத்தனையோ லட்சம் கடிதங்களைக் கையால் தொட்டவருக்குத் தம் பெயருக்கு வந்தவை எண்ணிவிடக்கூடிய அளவே. ஷில்லாங்கில் இட்டது குவாஹாத்தியில் எந்த வண்டியைப் பிடிக்கும், சென்னையில் எத்தனை மணி நேரம் காத்திருக்கும், எந்த நாள் உறையூர் வந்து சேர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். முத்திரையைப் பார்த்துச் சரிபார்க்கப் போகிறாராம்.